அசையாத கயிறு

மதுரை
18-6-1973

பேபி அக்காவுக்கு,

கிருபாநிதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், மீதியையும் வாசித்துவிடு.

புன்னைக்காயலை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. முதலில் இங்கே ஒரு மண்டியில் மூட்டை தூக்கினேன். இப்போது மருத்துவக் கல்லூரியில் அட்டெண்டர் வேலை, தற்காலிகம்தான். உடலியங்கியல் பிரிவு என்று வாசலில் பலகை இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் பிசியாலஜி லேப் என்கிறார்கள். காலையில் தொட்டியிலிருந்து தவளைகளை எடுத்துக் கொடுக்கவேண்டும். பித்தளை உருளையில் வழவழப்பான காகிதம் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கறுப்பாக்கவேண்டும். தவளையின் கால் சதை துடிக்கும்போது ஓர் ஊசி அந்தக் கரியில் வெள்ளைக் கோடு கீறும். மாணவர்கள் அந்தக் கோட்டை அளந்து எழுதிக்கொள்வார்கள்.

போன வாரம் ஒன்று பார்த்தேன். தவளையின் மூளையை எடுத்துவிட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கால்விரலை அமிலம் கலந்த தண்ணீரில் தொட்டதும் காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டது. மூளையே இல்லை, ஆனாலும் இழுக்கிறது. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமே அந்தக் கட்டளையைக் கொடுத்துவிடுமாம். தோலிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு வேறு, சதைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு வேறு. சூட்டில் கை பட்டால் நமக்கும் அப்படித்தான். கையை எடுத்த பிறகுதான் சுட்டது தெரிகிறது.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், சங்கு குளிக்கிற அத்தானின் கயிறு ஒன்பது வருஷம் என் கையில் இருந்தது. அவர் கடலுக்கடியில் சுண்டினால் நான் யோசிப்பதில்லை, கை தானாக இழுத்துவிடும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி என் கை தானாக இழுக்கவில்லை. கோவில் வாசலில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். நான் பீடி பற்றவைக்கவில்லை. யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. கயிறு அசையவில்லை.

கிருபாநிதி

*

புன்னைக்காயல்
2-7-1973

கிருபா,

கிழிக்கவில்லை. அடுப்பில் போடலாம் என்று எடுத்துவைத்தேன். பிறகு போடவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தவளைக் கதை வேண்டாம். எனக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம், சங்கு குளிக்கப் போகிறவருக்கு யார் கயிறு பிடிப்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் உன்னைத்தான் கை காட்டினார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பதுதான் நம் வழக்கம். அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அவன் அசந்துபோக மாட்டான் என்பார்கள். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான்தான் கயிற்றின் நுனியை எடுத்து உன் கையில் கொடுத்தேன். மறந்திருக்க மாட்டாய்.

அன்றைக்கு வள்ளத்திலிருந்து அவரை இறக்கியபோது முகம் சாம்பல் பூசினதுபோல இருந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்துத்தான் என் பெயரைச் சொன்னார். அதற்குள் நான் யாருக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே நினைவில்லை.

பங்குச் சாமியார் முன்னால் அவர் சொன்னதை நீயும் கேட்டாய். "எனக்கு மூச்சு முட்டவே இல்ல சாமி. நல்லாத்தான் இருந்தேன். ரெண்டு தடவ சுண்டுனேன். இவன்தான் இழுக்கல." கயிறு அசையவில்லை என்று நீ சொல்கிறாய். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு உன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. அப்படியானால் கயிறா பொய் சொன்னது?

டிசம்பரில் மறுபடியும் சங்குக் குளிப்பு தொடங்குகிறது. போகாதீர்கள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். இந்தத் தடவை அவருடைய பெரியப்பா மகன் சத்தியராஜ் கயிறு பிடிப்பானாம். அதற்கும் நீதான் காரணம்.

பேபி

*

மதுரை
15-7-1973

அக்கா,

உன் கடிதத்தைக் உருளைக் காகிதத்துக்குப் புகை காட்டிக்கொண்டே வாசித்தேன். ஓரம் கறுத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் அருணாசலவடிவு அம்மா என்னிடம் கேட்டார்கள். இங்கே பாடம் நடத்துகிறவர்கள். என் வயதுதான் இருக்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்கள். மாணவர்களிடம் இங்கிலீஷ், அவர்கள் போனபிறகு என்னிடம் நம் ஊர்ப் பேச்சு.

"என்ன கிருபா, லெட்டர பொரிச்சுச் சாப்பிடப் போறீங்களா?" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். மரியாதைக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டவே இல்லை என்று அத்தான் சொன்னதைச் சொன்னதும், கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"சரியா அந்த வார்த்தைதானா? நீங்க சேத்துச் சொல்லலியே?"

"இல்ல டாக்டர். ஊரே கேட்டுச்சு."

"ஒம்பது பாகம்னா அம்பத்து நாலு அடி. அந்த ஆழத்துல, வேல செஞ்சுக்கிட்டு, ரெண்டு நிமிசம். முட்டலன்னு சொல்லுதாரு." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "தவளையப் பத்தி நான் சொல்லுவேன். கடலப் பத்தி நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல், மணிக்கட்டில் கட்டும் கயிறு, சங்கு போடும் வலைப்பை எல்லாம் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வள்ளத்தில் அவர் முகம் கடலைப் பார்த்து இருக்கும், நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். நீதான் கேட்டுச் சொல்லவேண்டும். சண்டை போடாமல், வேறு பேச்சின் நடுவில் கேள்.

குதிப்பதற்கு முன் எத்தனை தடவை மூச்சை இழுத்து ஊதினார்?

அப்போது விரல் நுனியிலோ உதட்டிலோ ஏதாவது தெரிந்ததா?

கடைசியாக நினைவில் இருப்பது எது?

கிருபாநிதி

*

புன்னைக்காயல்
9-8-1973

கிருபா,

பனிமய மாதா திருவிழாவுக்கு நீ வருவாய் என்று நினைக்கவில்லை. ஆனாலும் தூத்துக்குடியில் சப்பரம் போகும்போது கூட்டத்தில் இரண்டு மூன்று முதுகைப் பார்த்து ஏமாந்தேன்.

உன் டாக்டரம்மா கேட்டதைக் கேட்டாகிவிட்டது. கேட்கவே வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் கொல்லையில் உட்கார்ந்து பழகுகிறார். துருத்தி ஊதுவதுபோல மூச்சை இழுத்து இழுத்து ஊதுகிறார். அடுத்த வீட்டு இசக்கித்தாய் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "என்ன பேபி, ஒன் வீட்டுக்காரரு அடுப்பில்லாமலே ஊதுதாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் மூன்று மூச்சு இழுத்துவிட்டுக் குதிப்பாராம். போன வருஷம்தான் தானாகக் கண்டுபிடித்தாராம், நிறைய ஊதினால் அதிக நேரம் கீழே இருக்கலாம் என்று. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் விஷயம் மற்ற வள்ளங்களுக்குப் போய்விடும் என்று மறைத்தாராம். அன்றைக்கு முப்பது தடவை ஊதினாராம். "விரல்லயும் உதட்டுலயும் எறும்பு ஊரும். அது வந்துட்டா ஒடம்புல பலம் ஏறிட்டுன்னு அர்த்தம். அப்பந்தான் குதிக்கணும்" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கடைசியாக நினைவில் இருப்பது, கடலடிப் பாரில் ஒரு சங்கு கையில் பட்டது, சுண்டினார், இன்னொரு தடவை சுண்டினார். அதற்குமேல் ஆஸ்பத்திரிச் சுவர்தான்.

இப்போது நாற்பது வரைக்கும் ஊதுகிறார். சத்தியராஜுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று உடனே எழுது.

பேபி

*

மதுரை
20-8-1973

அக்கா,

நிதானமாக வாசி. டாக்டர் சொன்னதை நான் மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டி, தப்பைத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே கண்ணாடிச் சாடியில் ஒரு மனிதனின் மூளை இருக்கிறது. மண்டைக்குள் ஒரே ஒரு எஜமான் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மேலே, மடிப்பு மடிப்பாக இருப்பது பெருமூளை. பார்ப்பது, நினைப்பது, கையை நீட்டு என்று சொல்வது எல்லாம் அங்கே. பின்பக்கம் கீழே சிறுமூளை. ஆடுகிற வள்ளத்தில் விழாமல் நிற்கிறோமே, அது அதன் வேலை. எல்லாவற்றுக்கும் அடியில், தண்டுவடம் தொடங்குகிற இடத்தில், கட்டைவிரல் தடிமனில் ஒன்று இருக்கிறது. முகுளம் என்று பெயர். மூச்சு அதன் கையில். நாம் தூங்கினாலும் அது தூங்காது. பெருமூளை அதை அதட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம், அதைத்தான் மூச்சடக்குவது என்கிறோம். ஆனால் ஓர் அளவுக்குமேல் முகுளம் அடங்காது. விடு, விடு என்று கத்தும். அந்தக் கத்தல்தான் மூச்சு முட்டுவது.

அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல காற்று குறைகிறதே என்று பார்த்து அல்ல. அதை அது வெகு தாமதமாகத்தான் கவனிக்கும். ரத்தத்தில் கெட்ட காற்று, அதாவது கரியமில வாயு, கூடுவதைப் பார்த்துத்தான் கத்துகிறது. அத்தான் முப்பது தடவை ஊதி வெளியே தள்ளியது அந்தக் கெட்ட காற்றை. நல்ல காற்று அதனால் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. கத்தவேண்டியவன் வாயைக் கட்டிவிட்டுக் கடலுக்குள் போயிருக்கிறார். அவன் வாய் திறப்பதற்குள் மேலே பெருமூளை பட்டினியில் அணைந்துபோகிறது. முட்டலே இல்லாமல் மயக்கம். விரலில் எறும்பு ஊர்வது பலம் ஏறியதால் இல்லை. கெட்ட காற்று அளவுக்குமேல் குறைந்து நரம்புகள் தடுமாறுகின்றன.

சுண்டியதைப் பற்றியும் கேட்டேன். சுண்டவேண்டும் என்ற எண்ணம் பெருமூளையில் பிறந்து, தண்டுவடத்தில் இறங்கி, தோள் வழியாகக் கைக்கு வரவேண்டும். மயங்கும் நேரத்தில் எண்ணம் பிறந்திருக்கலாம், கைக்கு வராமலே போயிருக்கலாம், செய்துவிட்டதாக நினைவு மட்டும் தங்கியிருக்கலாம் என்றார்கள். "இருக்கலாம்னுதான் சொல்லுதேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சொன்னார்கள். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைக் கோவில் வாசலில் நான் சொல்லவில்லை.

அத்தான் கல்லோடு இறங்கினதும் நான் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் சொல்லத் தொடங்குவேன். அதுதான் எனக்குக் கடிகாரம். ஏழு முடிந்து எட்டாவது தொடங்கும்போது சுண்டுவார். ஜனவரியில் ஒருநாள் எட்டு முடிந்தும் சுண்டவில்லை என்று நானாக இழுத்துவிட்டேன். மேலே வந்தவர் வள்ளமே கேட்கத் திட்டினார். "ஏலே, அக்கா தாலிய நெனச்சு நடுங்குதவனுக்குக் கடல்ல என்னல வேல? கைக்கு வந்த சங்கு போச்சே! நான் சுண்டாம இழுக்கக்கூடாது, கேட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி எட்டு முடிந்தது. ஒன்பது சொன்னேன், பத்து சொன்னேன். கயிறு அசையவில்லை. ஏதோ சரியில்லை என்று எட்டிலேயே எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பதினொன்று வரை நின்றேன். பிறகு இழுத்தபோது கயிறு கனத்தது.

வீட்டில் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க விடாதே. டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கிருபாநிதி

*

புன்னைக்காயல்
19-9-1973

கிருபா,

மூன்று நாள் உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. மூன்று மந்திரத்துக்கு மூன்று நாள் கோபம். எட்டில் இழுத்திருந்தால் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னைத் தெரியாமல் கிடந்திருக்கமாட்டாரே என்று நினைத்து நினைத்து ஒருவேளைச் சோறு பொங்கவில்லை.

நாலாம் நாள் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது. "தவளைய அறுத்துக்கிட்டு இருக்கவன் எனக்கு மூச்சு சொல்லித் தாரானா? எடு ஏளா கயித்த. இப்பமே காட்டுதேன்" என்று கொல்லைக்கு இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம். வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டால்தானே.

கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தார். "கடல்ல சும்மா உக்காந்தா இருக்கேன்?" என்று அம்மிக் குழவியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மணலில் முழங்காலால் நகர்ந்து, மறு கையால் சங்கு தேடுகிற மாதிரி துழாவினார். முதலில் மூன்று மூச்சு மட்டும் இழுத்தார். நான் மந்திரம் சொன்னேன். ஏழாவதில் முகம் சுளித்தது, சுண்டினார். இசக்கித்தாய் வேலியோரம் நின்று, "மாட்டப் பிடிச்சுக் கட்டுத மாதிரில்லா இருக்கு" என்றாள்.

களைப்பு தீர்ந்தபிறகு நாற்பது தடவை ஊதினார். "எறும்பு வந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தார். "நான் சுண்டாம என்னத் தொடக்கூடாது, கேட்டியா?" என்றார்.

ஏழு சொன்னேன், எட்டு சொன்னேன். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. நகர்ந்துகொண்டே இருந்தார். ஒன்பது. கை துழாவுவது கோணலாகப் போயிற்று. உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. கயிறு அசையவில்லை, கிருபா. நான் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒரு நூல் அசைவுகூட இல்லை. பத்து சொன்னேன். பதினொன்று சொல்லும்போது குழவி நழுவியது, முகம் மணலில் விழுந்தது.

புரட்டிப் போட்டுக் கன்னத்தில் அறைந்தேன். இசக்கித்தாய் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தாள். இரண்டு மூன்று விநாடியில் கேவிக்கொண்டு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு தடவ சுண்டுனேனே. ஏன் ஏளா சும்மா நின்ன?"

நான் கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கித்தாய் வாயில் கை வைத்துக்கொண்டு, "நானும் பாத்தேன்யா. நீரு சுண்டல" என்றாள். அவர் கயிற்றைத் தானே அவிழ்த்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எனக்கும் எட்டிலேயே தெரிந்தது. தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று நானும் பதினொன்று வரை நின்றேன். மூன்று வாரமாக இதை யாரிடம் சொல்வது என்று இருந்தேன். உனக்குத்தான் எழுதமுடியும்.

பேபி

*

மதுரை
24-9-1973

அக்கா,

உன் கடிதத்தை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் பயங்கரமாகக் கோபப்பட்டார்கள். சோதிக்காதே என்று சொல்லியும் இப்படியா என்று என்னைத்தான் திட்டினார்கள். பிறகு அந்த இடத்தை, கண் திறந்ததும் அவர் சொன்னதை, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

ஊதுவது இனி மூன்று மூச்சுக்குமேல் கூடாது. எட்டாவது மந்திரம் முடிந்தால், சுண்டினாலும் சுண்டாவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். சத்தியராஜிடமும் சொல். அவன் பழகியதை மறக்கச் சொல்.

நீ நின்றதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

கிருபாநிதி

*

புன்னைக்காயல்
12-11-1973

கிருபா,

நேற்றுப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது அவர் கோவில் வாசலில் நின்றார், பிப்ரவரியில் நின்ற அதே இடத்தில். வள்ளத்து முதலாளி சம்மாட்டியும் வள்ளக்காரர்களும் இருந்தார்கள். பங்குச் சாமியார் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். சாமியார் வரும்வரைக்கும் காத்திருந்துதான் பேசினார்.

"அன்னைக்குக் கயித்த நான் சுண்டல. சுண்டுனதா நெனச்சேன். கிருபா மேல தப்பு இல்ல. நெறைய ஊதிக்கிட்டுப் போனேன், அத மறைச்சேன். இனிமே எவனும் அப்பிடி ஊதாதிய. விரல்ல எறும்பு ஊர்ந்தா வள்ளத்துலயே உக்காருங்க." இவ்வளவுதான். அவர் இத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொல்வதை ஊர் இதற்குமுன் பார்த்ததில்லை. இசக்கித்தாய் மூலம் எல்லாம் கேட்டிருந்த சம்மாட்டி, "தவள சொன்னதா மாப்ள?" என்று கேலி செய்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நீ மூன்று மந்திரம் கூட நின்றதை அவர் அங்கே சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். கடிதத்தில் நான் எதையும் விட்டுவிட்டு வாசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "சத்தியராஜ் கயிறு பிடிச்சா நான் நிம்மதியா இறங்க முடியாது. அவன் நான் சொன்னதக் கேப்பான்" என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். "சொன்னதக் கேக்காம இழுக்கதுக்கு ஒருத்தன் வேணும். அவன வரச்சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். டிசம்பர் மூன்றாம் தேதி தூத்துக்குடியிலிருந்து வள்ளம் போகிறது.

பேபி

*

தூத்துக்குடி
3-12-1973

அக்கா,

பதினைந்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். நேராகத் தூத்துக்குடிக்கே வந்துவிட்டேன். அதனால்தான் உன்னைப் பார்க்கமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு வருகிறேன். டாக்டர் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மூச்சு, எத்தனை மந்திரம் என்று எழுதிக்கொண்டுவரச் சொன்னார்கள். தவளைக் கோடு போதும், கொஞ்சம் மனுசக் கோடும் பார்ப்போம் என்றார்கள்.

காலையில் துறையில் அத்தானைப் பார்த்தேன். பத்து மாதம் கழித்துப் பார்க்கிறோம். "மெலிஞ்சிட்ட" என்றார். கயிற்றைச் சுருட்டி என் பக்கம் போட்டார்.

பார் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. எட்டரைப் பாகம் ஆழம், தண்ணீர் தெளிவாக இருந்தது. இன்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் முகம் தெரிகிற மாதிரி நின்றேன். மூன்று மூச்சு இழுத்தார். நாலாவதற்கு வாய் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கல்லோடு இறங்கினார்.

ஏழு சொன்னேன். எட்டு சொன்னேன். கயிறு அசையவில்லை. வள்ளத்தில் ஏழு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இழுத்தேன்.

பாதி வழியிலேயே கயிறு உதறியது. அவர் நல்ல நினைவோடுதான் வருகிறார் என்று தெரிந்தது. தலை மேலே வந்தது. பையில் இரண்டு சங்கு. ஒன்று அளவு வளையத்துக்குள் நுழைந்துவிட்டது, சின்னது. அதைக் கடலிலேயே திரும்பப் போட்டார்கள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திட்டத் தொடங்கினார்.

"ஏலே கிருபா! மூணாவது சங்கு விரல்ல பட்டுட்டுல. கைக்குள்ள வரல, அதுக்குள்ள இழுத்துட்டியே! மதுரைக்குப் போயி தவளகூட இருந்து ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. மந்திரத்த வேகமாச் சொன்னியால? மாதா மேல ஆணையாச் சொல்லு, எட்டுதானா? இப்பிடியே இழுத்தா வீட்டுக்குச் சிப்பிதான் கொண்டுபோகணும். ஒன் அக்காகிட்ட நீயே பதில் சொல்லிக்க!"

நான் நோட்டை எடுத்து எழுதினேன். மூன்று மூச்சு, எட்டு மந்திரம், இரண்டு சங்கு.

அவர் திட்டி முடிக்க நடுவில் நாலு தடவை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அதையும் எண்ணினேன்.

கிருபாநிதி